வாய்க்கரிசி வாங்கிய பாட்டுக்காரன்

செத்துக் கிடந்தவரின் இடது கண்ணோரத்தில் நீர் கோத்து நிற்பதை நான்தான் முதலில் கண்டேன்.

மூங்கில் பாடை. கழுத்துவரை வெள்ளைத்துணி. உதட்டில் நாலைந்து பச்சரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிவர வேட்டியும் தலைப்பாகையுமாக எங்கள் பெடியள் குளிரில் விறைத்துப்போய் நின்றார்கள். கண்ணோரத்தில் நின்ற நீர் மெல்ல இறங்கிக் காதுப்பக்கமாக வழிந்தது.

நெறியாளர் கையை உயர்த்தி கமராவை நிறுத்தச் சொன்னார். "பிணம் அழுகிறது. திரும்ப எடுக்க வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில்.

கமராவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பாடையின் தலைமாட்டில் நின்ற சிவராசா அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் முதலே சொன்னனான். ஒருக்காத்தான்."

போன கிழமை நான் எழுதிய கடிகாரத் தொழிற்சாலைக் கதையைப் படித்துவிட்டு, சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் மரக்கறிக் கடையில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, வேலைக் கதை காணும். சந்தோசமா ஏதும் எழுதுங்கோ" என்றார். நான் சினிமாவில் நடித்த கதையை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டே பல்லைக் காட்டிச் சிரித்தார் மனிதர். அவர் என்னை மன்னிக்கட்டும்.

பேருந்து ஓட்டுநரின் மகன்

பாடையில் கிடந்தவர் இங்கிலாந்துக்காரர். ஒருகாலத்தில் பெரிய பொப் பாடகர். உண்மைப் பெயர் வேண்டாம், பாஸ்கோ என்று வைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாலு பேர் ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். கலியாண வீடு, கார்னிவல், கூப்பிட்டால் பிறந்தநாளுக்கும் போவோம். பாஸ்கோவின் பாட்டு ஒன்றை வானொலியில் கேட்டுக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். அரைவாசி எனக்கே விளங்காது. கேட்கிற சனத்துக்கு முழுவதுமே விளங்காது. அதனால் ஒரு பிரச்சினையும் வரவில்லை.

ஊர்ச் சலூனில் அவருடைய படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் காட்டித்தான் தலைமுடி வெட்டச் சொல்வோம். சலூன்காரர் தலையை ஆட்டிவிட்டு, எல்லோருக்கும் தனக்குத் தெரிந்த வெட்டையே வெட்டி அனுப்பிவிடுவார்.

அந்தப் படத்தில் இருந்த மனிதர், எண்பதுகளின் நடுவில், சுவிஸில் ஒரு மலைச்சரிவில் என் முன்னால் நின்றார். தலைமுடி கொட்டி, கண்ணுக்குக் கீழே தசை தொங்கியிருந்தது. நான் அவருடைய பாட்டைப் பாடியவன் என்று சொன்னபோது, பாடிக் காட்டு என்றார். பாடினேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "நீ பாடுவது நான் பாடியதைவிட நன்றாக இருக்கிறது. உனக்கு அர்த்தம் தெரியாததால்தான்" என்றார்.

அன்றிலிருந்து படப்பிடிப்பு ஓய்ந்த நேரமெல்லாம் என்னை அருகில் கூப்பிட்டு வைத்துக் கதைப்பார். அவர் வாழ்க்கையை நான் அப்படித்தான் அறிந்தேன்.

துறைமுக நகரம் ஒன்றில் பேருந்து ஓட்டுநரின் மகன். பள்ளிக்கூடம் முடிக்குமுன் கிட்டாரைத் தூக்கியவர். இருபது வயதில் போகிற இடமெல்லாம் பெண்பிள்ளைகள் காரை மறித்தார்கள். பிறகு புதுப் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். குழு உடைந்தது. அவர் நடிப்புப் பக்கம் போனார். சின்னச் சின்ன ஊர்களில் மேடை நாடகம். தொலைக்காட்சியில் ஒருநாள் பொலிஸ்காரர், மறுநாள் கள்ளன். எப்படி நடித்தாலும் பத்திரிகைகள் 'முன்னாள் பாடகர்' என்று தொடங்கித்தான் எழுதின.

"தேநீர் குடிக்கப் போனால்கூட யாராவது அந்தப் பாட்டை முணுமுணுப்பார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை" என்றார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் அது அவரை அரித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு விளங்கியது.

சட்டியில் முளைத்த தேயிலை

படத்தில் அவருக்கு டொக்டர் வேடம். இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டமொன்றில் வைத்தியம் பார்க்கும் வெள்ளைக்காரர். தொழிலாளர்களோடு இருந்து, அவர்கள் மத்தியிலேயே செத்துப்போகிறார். அவர்கள் தங்கள் முறைப்படி அவருக்குச் செத்தவீடு செய்கிறார்கள். படம் அவருடைய முகத்தோடு முடியவேண்டும். வேறொன்றும் இல்லை, அசையாத அந்த முகம் மட்டும், நீண்ட நேரம்.

அந்த ஒரு காட்சிக்காகவே படத்தை ஒத்துக்கொண்டதாகச் சொன்னார். ஹோட்டல் அறையில் கண்ணாடி வைத்து, மூச்சை அடக்கி, கண்ணிமை துடிக்காமல் படுத்துப் பழகினாராம். "இந்த முகத்தைப் பார்த்தபின் என்னைப் பாட்டுக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்" என்றார்.

இலங்கையில் அப்போது சண்டை. படக்குழு அங்கே போகமுடியாது. அதனால் நாங்கள் இருந்த லா ஷோ-து-ஃபோன் ஊருக்கு மேலே, ஜூரா மலைச்சரிவு ஒன்றைத் தேயிலைத் தோட்டமாக மாற்றினார்கள். நாற்றுமேடையில் இருந்து பூச்சட்டிகளோடு கொண்டுவந்த ஏதோ பச்சைச் செடிகளை வரிசையாக அடுக்கி, சட்டி தெரியாமல் புல்லால் மூடினார்கள். சரிவை மூடிய பனிப்புகார் மட்டும் உண்மையானது. அயலில் மேயும் மாடுகளின் கழுத்துமணிகளைக் கழற்றிவைக்கும்படி விவசாயியிடம் சொன்னார்கள். மணியில்லாத மாடுகள் நாள் முழுவதும் எங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றன.

தோட்டத் தொழிலாளர் வேடத்துக்கு எங்களைப் பிடித்தார்கள். அந்த ஊரில் அகதிகளாக வந்து, தொழிற்சாலைகளில் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெடியள். தேயிலைச் செடியைக் கிட்டத்தில் கண்டவன் ஒருவனும் இல்லை. எங்கள் ஆட்களில் பெண்கள் அப்போது இங்கே மிகக் குறைவு. தூரத்தில் கொழுந்து பறிப்பவர்களாகத் தெரிந்த பலர், சேலை கட்டிக் கூடை மாட்டிய எங்கள் ஆம்பிளைகள்தான். சேலை கட்டிய குணம் என்ற பெடியனைப் பார்த்து நாங்கள் விட்ட நக்கலை இங்கே எழுதமுடியாது. அவனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் ஓடும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

ஒட்டு மீசை

செத்தவீட்டுக் காட்சி எடுக்கிற நாள். காலையில் ஒப்பனைக் கூடாரத்தில் நீளமாக ஒரு கண்ணாடி. ஒரு கதிரையில் பாஸ்கோ. ஒப்பனைக்கார மதாம் அவர் முகத்தைப் பிரேதம்போல வெளிறச் செய்துகொண்டிருந்தார். அவர் முகம் முடிய எங்கள் முறை. நெறியாளருக்குத் தோட்டத் தொழிலாளி என்றால் மீசை இருக்கவேண்டும். மீசை இல்லாதவர்களுக்கு மதாம் பசை பூசி மீசை ஒட்டிக்கொண்டு வந்தார்.

சிவராசா அண்ணையிடம் வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிவிட்டார்.

மதாம் சிரித்துக்கொண்டு நாடியைப் பிடித்து அவர் முகத்தைத் திருப்பினார். அண்ணை எழும்பி நின்றார். "வேண்டாமெண்டு சொல்லு தம்பி. எனக்கு மீசை வைக்கேலாது."

சிவராசா அண்ணையும் நானும் ஒரே அறையில் இருந்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடிகாரக் கூடுகளுக்கு மெருகேற்றும் வேலை. அதிகம் கதைக்கமாட்டார். அந்த வருடத்துக் கோடையில் அவருடைய ஐயா ஊரில் செத்துப்போனார். ஐயா என்றுதான் அவர் தகப்பனைச் சொல்வார். செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது, எரித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, வீட்டார் வழமைக்குத் திரும்பியிருந்தார்கள். கொழும்பில் இருந்து ஓர் உறவுக்காரர் தொலைபேசியில் சொன்னார். மூத்த பிள்ளை சுவிஸில் இருக்க, மருமகன் கொள்ளி வைத்தாராம். முன்னமே தெரிந்திருந்தாலும் போயிருக்க முடியாது. அகதி விண்ணப்பம் கொடுத்தவன் ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது. போனால் அங்கே உயிரோடு இருப்பானா என்பது வேறு.

அண்ணை அழவில்லை. குளியலறைக்குள் போய்த் தலையில் முழுகிவிட்டு, மீசையை வழித்துக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் வேலைக்குப் போனார். மீசை இல்லாமல் இளமையாக இருக்கிறாய் என்று அங்கே எல்லோரும் பாராட்டினார்களாம்.

அதற்குப் பிறகு அவர் மீசை வளர்க்கவே இல்லை. இனி வைக்கலாம்தானே அண்ணை என்று கேட்டால், "செத்தவீடு முடியட்டும்" என்பார். அதுதான் எப்போதோ முடிந்துவிட்டதே என்று நான் சொல்வேன்.

இவ்வளவையும் மதாமுக்கு என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். மதாம் பசைப் போத்தலை மூடிவைத்தார். பக்கத்துக் கதிரையில் இருந்த பாஸ்கோ கண்ணாடி வழியாக அண்ணையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிரோடு இருக்கிற மனிதருக்கு

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

டொக்டர் வளர்த்த பையன் வேடத்தில் எங்களில் ஒருவர் அவருடைய வாயில் அரிசி போடவேண்டும் என்று நெறியாளர் விளக்கினார். ஏதோ ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறார். கிண்ணத்தில் அரிசியும் தயாராக இருந்தது. குணத்தைக் கூப்பிட்டார். குணம் கிண்ணத்தைப் பார்த்தான், பாஸ்கோவைப் பார்த்தான், பின்வாங்கினான்.

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு வாய்க்கரிசி போடுறதோ? ஆளுக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? நான் மாட்டன்."

அடுத்தவனும் மாட்டேன் என்றான். அதற்கடுத்தவன் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னான். சேலை கட்டவும் தயங்காத கூட்டம், ஒரு பிடி அரிசிக்கு முன்னால் அசையமறுத்தது. நெறியாளர் இது வெறும் நடிப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நடிப்புத்தான், எங்களுக்கும் தெரியும். ஆனால் அரிசி உண்மையான அரிசி, கிடக்கிற மனிதருக்கு உண்மையான வாய். நான் என்னத்தை மொழிபெயர்க்க?

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் போடுறன்" என்றார் சிவராசா அண்ணை.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் என்னிடம் மட்டும் சொன்னார். "ஆனால் அந்த மனிசனிட்டை முதலில கேள். இது என்னெண்டு விளங்கப்படுத்து. அவருக்குச் சம்மதமோ எண்டு கேள்."

நான் பாஸ்கோவிடம் சொன்னேன். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் பிள்ளைகள் அவருக்குக் கொடுக்கும் கடைசிச் சாப்பாடு இது. உயிரோடு இருப்பவருக்குப் போடுவதில்லை. இந்த மனிதர் தன் தகப்பனுக்குப் போடவில்லை. உங்களுக்குப் போட அனுமதி கேட்கிறார்.

அவர் அண்ணையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னதை என் வார்த்தைகளில் எழுதுகிறேன்.

"என் அப்பா செத்த அன்று நான் ஒரு பெரிய மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்தேன். என் பயண அலுவல் பார்த்தவர் செய்தியை மறைத்துவிட்டார். எல்லா ஊரும் பாடி முடிந்தபின் சொன்னார். நான் வீட்டுக்குப் போனபோது அவரைப் புதைத்த இடத்தில் மண் இறுகியிருந்தது. பேருந்து ஓட்டும்போது போடும் தொப்பி மட்டும் ஆணியில் தொங்கியது. போடச் சொல். எனக்குச் சம்மதம்."

அண்ணைக்கு நான் இதைச் சொல்லச் சொல்ல, அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். "நல்லது. ஆனால் ஒருக்காத்தான் போடுவன். இரண்டாந்தரம் கேக்கக்கூடாது. அதையும் சொல்லு."

சொன்னேன். பாஸ்கோ சரி என்றார். நெறியாளரும் சரி என்றார், காதில் வாங்காமல்.

எனக்குப் போட்டாயிற்று

பாஸ்கோ பாடையில் படுத்தார். அண்ணை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலை தெற்குப் பக்கம் இருக்கவேண்டும் என்றார். கமரா வைத்த திசையை மாற்றவேண்டி வந்தது. நெறியாளர் முணுமுணுத்தபடி மாற்றினார்.

கமரா ஓடத்தொடங்கியது. அண்ணை கிண்ணத்தில் இருந்து அரிசியை அள்ளினார். உள்ளங்கையைச் சாய்த்து, விரல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உதட்டில் விட்டார். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவது முறையும் விட்டார். அதுவரைக்கும் நாங்கள் கேட்டிராத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"என்ரை ஐயா... நான் வந்திட்டன் ஐயா."

இது படத்தில் எழுதிய வசனம் இல்லை. எனக்குப் பின்னால் குணம் விம்முவது கேட்டது. நானும் அழுதேன். அந்தச் சரிவில் நின்ற ஒவ்வொருவனுக்கும் ஊரில் யாரோ ஒருவர் அப்படிப் போயிருந்தார்கள், அல்லது போகப்போகிறார்கள் என்ற பயம் இருந்தது.

அப்போதுதான் பாஸ்கோவின் கண்ணோரத்தில் நீர் கோத்தது.

நெறியாளர் திரும்ப எடுக்கவேண்டும் என்றார். அண்ணை, நான் முதலே சொன்னேன் என்றார். நான் மொழிபெயர்த்தேன். நெறியாளருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இவர் போடாவிட்டால் வேறு யாராவது போடட்டும், கைதானே தெரியப்போகிறது, என்னுடைய உதவியாளன் போடுவான் என்றார்.

பாஸ்கோ கண்ணைத் திறந்தார். எழும்பவில்லை. படுத்தபடியே, உதட்டில் அரிசியோடு சொன்னார்.

"வேண்டாம். எனக்குப் போட்டாயிற்று."

நெறியாளர் அருகில் வந்து குனிந்தார். அழுகிற பிணத்தைக் காட்டினால் தியேட்டரே சிரிக்கும், இந்தக் கண்ணீரோடு உன் முகத்தைப் பாவிக்க முடியாது, வேறொன்று எடுக்காவிட்டால் கடைசிக் காட்சியில் உன் முகமே இருக்காது, விளங்குகிறதா என்று கேட்டார்.

பாஸ்கோவுக்கு நன்றாக விளங்கியது. அந்த முகத்துக்காகத்தான் அவர் கண்ணாடி வைத்துப் பழகினார். இருபது வருடமாக அவர் முகத்தில் தொங்கிய பழைய பாட்டை அதுதான் கழுவும் என்று நம்பியிருந்தார்.

"தெரியும்" என்றார். "மூடிவிடு."

அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என்னை ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, வெள்ளைத்துணியை மேலே இழுத்து, அந்த முகத்தை மூடினார். பிறகு நாங்கள் பாடையைத் தோளில் தூக்கிப் பனிப்புகாருக்குள் நடந்தோம். அதையும் எடுத்தார்கள்.

மாட்டுத்தொட்டி

பாடையை இறக்கியதும் அண்ணை முதலில் சொன்னது, "அந்த மனிசனை முழுகச் சொல்லு தம்பி. ஒண்டும் ஒட்டக்கூடாது" என்பதுதான்.

விவசாயியின் வீட்டு முற்றத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் நீளமான கல்தொட்டி ஒன்று இருந்தது. ஊற்றுத் தண்ணீர், விரல் வைத்தால் விறைக்கும். நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து வாளியால் தலையில் ஊற்றினோம். பாஸ்கோவும் வந்தார். சட்டையைக் கழற்றினார். அண்ணைதான் அவருக்கு ஊற்றினார். முகத்தில் இருந்த வெளிறல் கரைந்து கழுத்தால் ஓடியது. பல்லடிக்க நின்ற அந்த மனிதரின் தலையை அண்ணை தன் சால்வையால் துவட்டிவிட்டார். ஒருவர் பேசியது மற்றவருக்கு விளங்காது. அவர்கள் பேசவும் இல்லை.

ஜெனீவாவில் ஒரு மத்தியானம்

படம் வெளிவர அடுத்த வருடத்தின் முடிவு ஆகிவிட்டது. ஜெனீவாவில் ஒரு சின்னத் தியேட்டரில் ஓடியது. அண்ணையும் நானும் ரயில் ஏறிப் போனோம். மத்தியானக் காட்சி. உள்ளே ஆட்கள் அதிகம் இல்லை.

பாஸ்கோ நன்றாகத்தான் நடித்திருந்தார். ஆனாலும் பத்திரிகைகள் மறுபடி முன்னாள் பாடகர் என்றே எழுதின. அப்படியொரு வேடம் அதற்குப்பின் அவருக்குக் கிடைக்கவில்லை. கடற்கரை ஊர்களின் மண்டபங்களில் பழைய பாட்டைப் பாடப் போய்விட்டார் என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டேன். எங்களுக்காக அவர் விட்டுக்கொடுத்ததை அந்த மண்டபங்களில் ஒருவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் முகம் இல்லை. சிவராசா அண்ணையின் கை மட்டும், கடிகாரக் கூடு தேய்த்துத் தேய்த்து நகக்கண் கறுத்த கை. அரிசி விழுகிறது. குரலை நெறியாளர் வெட்டவில்லை. அந்தத் தியேட்டர் முழுவதும், என்ரை ஐயா என்று அண்ணையின் குரல் கேட்டது. பிறகு துணி மேலேறுகிறது. பாடை தோளில் ஏறுகிறது.

எனக்குப் பக்கத்தில் அண்ணை எழும்பி நின்றார்.

பின்னால் இருந்த ஒருவர் பிரெஞ்சில் உட்காரச் சொல்லி அதட்டினார். எங்கள் ஊரில் பிரேதம் வீட்டு வாசல் படலையைத் தாண்டும்போது ஒருவரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். நானும் எழும்பினேன். பனிப்புகாருக்குள் பாடை மறைந்து, திரை வெளிச்சமாகும் வரைக்கும் நாங்கள் இரண்டுபேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்ததும் சால்வையால் முகத்தைத் துடைத்தார். டிராம் போய்க்கொண்டிருந்த தெருவைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"ஐயாவை எடுத்தாச்சு தம்பி" என்றார். "வா, வீட்டை போய் முழுகுவம்."